வளவில் கலப்புக் கோழிகள்: கூடு திறப்பது முதல் அடைப்பது வரை

வன்னியில் ஒரு வளவில் பத்துக் கோழிகள் நின்றால், அவற்றில் இரண்டு ஒரே சாயலில் இருப்பது அரிது. ஊர்க்கோழிப் பேட்டுக்கும் எப்போதோ யாரோ கொண்டுவந்த ரோட் ஐலண்ட் ரெட் என்ற வெளிநாட்டு இனச் சேவலுக்கும் பிறந்த செம்மேனிக்காரி, கழுத்தில் இறகே இல்லாதது, கறுப்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தது என்று பல இரத்தம் கலந்த கூட்டத்தை ஒரே கணக்கில் வளர்ப்பவர் விரைவில் சலித்துப்போவார். எது முட்டைக்கு உரியது, எது அடைக்கு உரியது என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

காலபோக மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிப்பதால், கூட்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களைத் தகரத்தாலோ கிடுகாலோ அடைத்து, வாசலைத் தெற்கே வையுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, ஒரு கோழிக்கு ஒரு சாண் வீதம் கம்பு கட்டுங்கள். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படக்கூடாது. கண் பெரிதானால் மரநாய் கையை விட்டுக் கோழியை இழுக்கும், பாம்போ நேராகவே நுழைந்து முட்டையை விழுங்கும்.

பேடுகள் பெரும்பாலும் காலையிலேயே முட்டையிடுவதால், ஒன்பது மணிக்கு முன் கூட்டைத் திறக்காமல் இருப்பது நல்லது. விடிந்ததும் திறந்துவிட்டால், மாலையில் நீங்கள் பற்றைக்குள் குனிந்து முட்டை தேட நேரும். ஆனால் வெயில் காலத்தில் அதுவரை கூட்டுக்குள் தண்ணீரும் கூரைக்கு நிழலும் இருக்கவேண்டும். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல் தின்னும். வளவில் கிளறித் தின்பது போக, மாலையில் தவிடும் குறுணலும் சிறிது தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து வையுங்கள். ஆலைத் தவிடு நாட்பட்டால் சிக்கு நாற்றம் பிடிக்குமாகையால், ஒரு கிழமைக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். கருவாட்டுத் தலையை அப்படியே எறியவேண்டாம், அதிக உப்பு கோழியைக் கொல்லும். முட்டைக்கோதை வறுத்து நொறுக்கிக் கொடுத்தால் அடுத்த முட்டையின் ஓடு உறுதிப்படும். குஞ்சுகளுக்கோ கறையானை மிஞ்சிய தீனி இல்லை: பழைய பானைக்குள் ஈரமான வைக்கோலும் காய்ந்த சாணமும் அடைத்து, புற்றருகே கவிழ்த்து வைத்து, மறுநாள் வெயில் ஏறுமுன் எடுத்துக் கொட்டுங்கள்.

செம்மேனிக் கலப்புகள் நிறைய முட்டையிடும், ஆனால் அடைக்கு இருக்காது. இருந்தாலும் பத்தாம் நாள் எழும்பிப் போய்விடும். ஊர்க்கோழியோ பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்தி அடைக்குக் கிடக்கும். ஆகவே செம்மேனியின் முட்டைகளை ஊர்ப்பேட்டின் கீழ் வைப்பதே முறை. ஒரு கிழமைக்கு மேற்படாத பத்துப் பன்னிரண்டு முட்டைகளை, வைக்கோல் பரப்பிய கடகத்தில் ஒரே மாலையில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் கரியால் ஒரு கோடு இழுங்கள். கோடில்லாத முட்டை பிறகு கண்ணில் பட்டால், அது வேறொரு பேடு வந்து இட்டுப்போனது. ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்துக்கு மேல் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், சிலந்தி கால் விரித்ததுபோல் சிவந்த நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். பதினெட்டாம் நாளுக்குப் பின் கையே வைக்காதீர்கள். 21 ஆம் நாளில் குஞ்சு தானே கொத்திக்கொண்டு வரும்.

நோய்களில் வெள்ளைக் கழிச்சலுக்கு மட்டும் நான் உண்மையிலேயே அஞ்சுகிறேன். பெயர் வெள்ளை என்றாலும் பச்சையாகவும் கழிந்து, கழுத்து முறுக்கி, இரண்டு நாளில் ஒரு வளவையே வெறுமையாக்கும் அந்த நோய்க்கு மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. மஞ்சளும் வேப்பிலையும் அதை நிறுத்தும் என்று நம்பிக் காத்திருந்தவர்களின் கூடுகளை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பு மருந்து ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வருவதாலும், கரைத்தபின் சில மணித்தியாலங்களில் பயனற்றுப் போவதாலும், அயல் வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் கால்நடை வைத்திய அலுவலகத்திலிருந்து ஐஸ் பெட்டியில் எடுத்துவருவதே சிக்கனம். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமையாவது தனியே அடைத்து வையுங்கள்.

மாலையில் தீனிச் சிரட்டையைத் தட்டினால் எல்லாம் ஓடிவரும். எண்ணிக்கொண்டே மார்பின் மேற்புறமுள்ள தீன்பையைத் தடவிப் பாருங்கள். மாலையில் அது நிறைந்தும் மறுநாள் காலையில் சுருங்கியும் இருக்கவேண்டும். காலையிலும் கல்லாய் இருந்தால் அக்கோழிக்கு அன்று தீனி போடாமல் தண்ணீர் மட்டும் கொடுத்துக் கவனியுங்கள். முருங்கை மரத்தில் ஏறிப் படுக்கும் பிடிவாதக்காரி ஒன்று எந்தக் கூட்டத்திலும் இருக்கும். நன்றாக இருட்டியபின் வெளிச்சம் அடிக்காமல், இரு செட்டைகளையும் சேர்த்துப் பிடித்து இறக்கிக் கூட்டுக் கம்பில் இருத்துங்கள். ஒரு கிழமை விடாமல் செய்தால் பெரும்பாலானவை தாமாகவே கூட்டுக்கு ஏறத் தொடங்கும். ஏறாததை மரநாய்க்கு விடுவதைவிடக் கறிக்கு எடுப்பது மேல்.