ஏலத்துக்கு வரும் 1969–70 டிரையம்ஃப் பானவில்: அசலா என்று பார்ப்பது எப்படி?

பழைய மோட்டார் சைக்கிள் ஏலம் என்றால் பிரிட்டனில் ஸ்டாஃபோர்டு, அமெரிக்காவில் லாஸ் வேகஸ். இரண்டு ஊரிலும் அடிக்கடி கண்ணில் படும் வண்டி டிரையம்ஃப் பானவில் டி120ஆர் (T120R): 649 சிசி, இரட்டை சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். இங்கிலாந்தின் அதே மெரிடன் தொழிற்சாலையில், கிட்டத்தட்ட அதே உடம்போடு, ஒற்றைக் கார்புரேட்டருடன் வந்தது டிஆர்6ஆர். சிலிண்டர் ஹெட்டை மாற்றி, இன்னொரு கார்புரேட்டரைப் பூட்டி, பொறித்த எழுத்தையும் திருத்திவிட்டால் டிஆர்6, பானவில் ஆகிவிடும். விலையும் ஏறும்.

பெயின்ட், சீட், சைலன்சர் எல்லாம் காசு கொடுத்தால் புதிதாகவே கிடைக்கும். தொழிற்சாலையில் எண் பொறித்த கிராங்க்கேஸும் (என்ஜினின் அடிப்பகுதிக் கூடு) ஃபிரேமும் அப்படிக் கிடைக்காது. அதனால் டேங்கின் பளபளப்பைப் பார்க்காமல் எண்ணில் தொடங்குங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

சின்ன எல்.இ.டி. டார்ச், 10 மடங்கு லென்ஸ், நீளும் கம்பியில் மாட்டிய கண்ணாடி, துணி சுற்றிய சிறு காந்தம், போன். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். இந்த வண்டிக்கு டார்ச்சும் காந்தமும் போதும்.

படி 1: இரண்டு எண்களும் ஒன்றா?

என்ஜின் எண் இடது கிராங்க்கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மேடாக இருக்கும் பட்டையில் இருக்கும். ஃபிரேம் எண் ஹேண்டில்பார் கழுத்தின் இடப்பக்கத்தில். டிரையம்ஃபில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் பழைய வண்டிகளில் அப்படி இருக்காது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: எழுத்தைப் படியுங்கள்

எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள். முதலாவது மாதம். ஜனவரி முதல் மே வரை ஆங்கில அகரவரிசையின் முதல் ஐந்து எழுத்துகள். பிறகு ஜூன் ஜி, ஜூலை எச், ஆகஸ்ட் ஜே, செப்டம்பர் கே, அக்டோபர் என், நவம்பர் பி (பாரிஸுக்கு வரும் பி), டிசம்பர் எக்ஸ். இரண்டாவது எழுத்து ஆண்டு: சி 1969, டி 1970 (டெல்லிக்கு வரும் டி), இ 1971, ஜி 1972.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இந்த இரண்டாம் எழுத்துதான். அது காலண்டர் ஆண்டைக் குறிப்பதில்லை, விற்பனைப் பருவத்தைக் குறிக்கிறது. புதுப் பருவம் ஆகஸ்டில் தொடங்கும். ஆகவே "கே டி" என்று தொடங்கும் வண்டி 1969 செப்டம்பரில் செய்யப்பட்ட 1970 மாடல். ஏலக் குறிப்பில் "1969" என்று போட்டு, அதில் 1970 மாடலின் பாகங்கள் இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்தும் பாகங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 1969 மாடலில் முதலில் வந்த வண்டிகள் பழைய "டி.யு." வரிசையிலேயே இருக்கும், அதுவும் சரியானதே.

படி 3: எண் உட்கார்ந்த பட்டை

இங்கே அவசரப்படாதீர்கள். அழுக்கு மூடியிருந்தால், ஏல ஊழியரிடம் கேட்டுவிட்டு உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். டார்ச்சை நேராக அடித்தால் எதுவும் தெரியாது. பட்டையை உரசுவது போலப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள்.

மாதம்–ஆண்டு எழுத்து வந்த காலத்திலிருந்து, எண்ணைத் திருத்தினால் தெரிந்துவிட வேண்டும் என்பதற்காக, பட்டை முழுக்கச் சின்னச் சின்ன டிரையம்ஃப் முத்திரைகளை வரிசையாகப் பதித்து அதன் மேல் எண்ணைக் குத்தினார்கள். முத்திரைகள் பட்டையின் ஓரம் வரை இருக்க வேண்டும். நடுவில் மட்டும் மழுங்கியோ, எண்ணைச் சுற்றிக் காணாமலோ போயிருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், ஓரம் உருண்டு பட்டை தாழ்ந்திருப்பது, அலுமினியத்தின் நிறம் அங்கு மட்டும் மாறியிருப்பது ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

பிறகு லென்ஸை எடுத்து, எண்ணையும் "டி120ஆர்" என்ற மாடல் எழுத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பலர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். டிஆர்6ஐ பானவில் ஆக்குகிறவருக்கு எண்ணைத் தொட வேண்டிய தேவையே இல்லை. எண் நேர்மையாக இருக்கும், மாடல் எழுத்து மட்டும் புதிதாக இருக்கும். பழைய குத்தின் விளிம்பு மங்கி, உள்ளே அழுக்கு கறுத்திருக்கும். புதுக் குத்தின் விளிம்பு கூர்மையாக மின்னும். எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருப்பது குற்றமில்லை, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வந்தன.

ஃபிரேமில் இந்த முத்திரைப் பாதுகாப்பு இல்லை. கழுத்தில் பவுடர் கோட்டிங் தடிமனாக ஏறி எண் மழுங்கியிருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. தெரியாத எண்ணுக்குப் "பொருந்தும் எண்" விலை கொடுக்காதீர்கள்.

படி 4: வண்டிக்கு அடியில்

கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகக் கடையப்பட்டவை. அடியில், சேரும் கோட்டின் இருபுறமும் ஒரே ஜோடி எண் இருக்கும். வண்டி எண் இடது பாதியில் மட்டும்தான் என்பதால், உடைந்த வலது பாதியை மாற்றியிருந்தாலும் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கண்ணாடிக் கம்பி இதற்குத்தான். ஜோடி மாறினால் பேரிங் வரிசை பிசகி, கிராங்க் இறுகும் அபாயம் உண்டு.

படி 5: ஆண்டுக்கேற்ற பாகங்கள்

டேங்க் பேட்ஜ்: 1966–68ல் புருவ வடிவம், 1969 முதல் படச்சட்ட வடிவம். நிறம்: 1968 ஹை-ஃபை ஸ்கார்லெட், 1969 ஒலிம்பிக் ஃப்ளேம், 1970 ஆஸ்ட்ரல் ரெட், மூன்றிலும் கூடவே வெள்ளி. இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களையும் என்ஜினுக்கு அருகே இணைக்கும் குறுக்குக் குழாய் 1969ல் வந்தது. 1970ல் என்ஜினின் மூச்சு (கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் காற்று) பிரைமரி செயின்கேஸ் வழியாக, அதாவது என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயினின் கூடு வழியாகத் திருப்பப்பட்டது. அதன் பின்புறத்திலிருந்து தடித்த குழாய் ஒன்று பின் மட்கார்டு வரை போகும். "1970" என்று எழுதிய வண்டியில் அந்தக் குழாய் இல்லையென்றால் என்ஜின் முந்தைய ஆண்டினதாக இருக்கலாம்.

முன் பிரேக்கையும் பாருங்கள். இரட்டை லீடிங் ஷூ (டிரம்முக்குள் இரண்டு ஷூக்களும் சக்கரம் சுழலும் திசையிலேயே அழுத்தும் பிரேக்) 1968ல் வந்தது. 1969ல் லீவரை மாற்றி, கேபிள் ஃபோர்க்கை ஒட்டி நேராக மேலே ஏறும்படி செய்தார்கள். இந்தச் சக்கரம் எளிதில் மாற்றக்கூடியது, தவறாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வண்டியை ஒதுக்க வேண்டாம்.

படி 6: மேற்பூச்சு

மட்கார்டில் காந்தம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் ஃபைபரோ ஸ்டெயின்லெஸ்ஸோ போட்டிருக்கிறார்கள். டேங்கில் ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே புட்டி. போல்ட்டுகள் கேட்மியம் பூசி மங்கலாக இருந்தவை. எல்லாம் குரோமாக மின்னினால் அது அழகான மறுசீரமைப்பு, அசல் நிலை இல்லை. சிராய்ப்போடு நிற்கும் அசல் பெயின்ட்டைத்தான் நான் மதிப்பேன். மீண்டும் அடித்துவிட்டால் அது போனது போனதுதான்.

படி 7: காகிதம்

அமெரிக்க உரிமைப் பத்திரத்தில் உள்ள ஆண்டு, வண்டி விற்ற ஆண்டாக இருக்கலாம். எண் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். உறுதியான சாட்சி தொழிற்சாலை அனுப்புகைப் பதிவேடு. அதைப் பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வைத்திருக்கிறது, கட்டணத்துக்குச் சான்று தரும். அந்த எண் எந்த மாடலாக, எப்போது, எங்கே போனது என்று அதில் இருக்கும். டிஆர்6ஆக வெளியேறிய வண்டி அங்கே டிஆர்6ஆகவே நிற்கும். ஏலப் பட்டியல் வெளியான அன்றே விண்ணப்பியுங்கள்.

பிற்சேர்க்கை

"பட்டையில் முத்திரை இருக்கிறது, எண்ணே இல்லை. திருட்டு வண்டியா?" என்று வாசகர்கள் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். உடைந்த கிராங்க்கேஸுக்கு மாற்றாக எண் குத்தாத கேஸ்களும் வந்தன. ஆகவே அது நேர்மையான பழுதுபார்ப்பாக இருக்கலாம். ஆனால் பழைய கேஸின் படமோ, மாற்றியதற்கான ரசீதோ கேளுங்கள். அது இல்லாமல் "அசல் என்ஜின்" என்று எழுதியிருந்தால், சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கான விலைக்கு மேல் கை தூக்க வேண்டாம்.