பாடற்குழுவுக்குப் புதியவரா? தவக்காலத்திலிருந்து தொடங்குங்கள்

கோயில் பாடற்குழுவில் சேர்ந்ததும் பலர் கிறிஸ்துமஸ் பாட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். நான் தவக்காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தைச் சொல்வேன். கருவியின் துணையில்லாமல் பாட அப்போதுதான் பழகுகிறோம்.

முதலில் தேதி பாருங்கள். 2027-இல் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) மார்ச் 28. அங்கிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் பிப்ரவரி 10, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன். ஒத்திகையை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம் பாட்டுப் பட்டியல். தவக்கால ஞாயிறுகளில் வானவர் கீதம் (‘குளோரியா’ என்னும் புகழ்ப்பாடல்) இல்லை, அல்லேலூயாவும் இல்லை. நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி பாட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே வானவர் கீதத்தை மட்டும்தான் விடுகிறோம், அல்லேலூயா உண்டு. மார்ச் 19, புனித சூசையப்பர் பெருவிழா தவக்காலத்தில் வந்தாலும் அன்று வானவர் கீதம் பாடலாம்.

தவக்காலத்தில் கீபோர்டு பாட்டைத் தாங்க மட்டும்தான், தனியாக வாசிப்பதில்லை. பெரிய வியாழன் மாலை வானவர் கீதம் மணியோசையோடு முடிந்ததும் மணிகள் ஓய்ந்துவிடும். பல கோயில்களில் கீபோர்டையும் மூடிவிடுவார்கள். இனி நம் குரல் மட்டும்தான். பயிற்சியில் அதிக நேரம் இதற்கே ஒதுக்குங்கள்.

பாட்டின் முதல் சுரத்தைக் கீபோர்டில் ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இரண்டு சரணம் பாடுங்கள். இப்போது அதே கட்டையை அமுக்கிப் பாருங்கள். அநேகமாக அரைக் கட்டை இறங்கியிருக்கும். மெட்டு கீழே இறங்கும் இடத்தில் குரலைத் தளரவிடுகிறோம். வரியின் கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் இருப்பதில்லை. மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி பாடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினாலே பாதி சரியாகிவிடும்.

பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையைக் காட்டும்போது குருவானவர் மூன்று முறை பாடுவார், ஒவ்வொரு தடவையும் சுருதியைக் கூட்டுவது பழைய வழக்கம். நாமும் அதே சுருதியில் பதில் பாட வேண்டும். அதனால் மூன்றாவது தடவைக்கு எந்த உயரம் வசதி என்று அவரோடு முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து இறங்கி முதல் சுருதியை வைத்துக்கொள்ளலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் வானவர் கீதம் எழும்போது மணியும் கீபோர்டும் திரும்ப வரும். திருமுக வாசகத்துக்குப் பிறகு அல்லேலூயா, அதுவும் மூன்று முறை, மேலே மேலே. அதை மட்டும் ஜனவரியிலேயே நன்றாகப் பழகிவிடுங்கள். சாம்பல் புதன் வந்த பிறகு ஒத்திகையில்கூட அதைத் தொடாதீர்கள். அந்த இரவில் மக்களோடு சேர்ந்தே வாயில் வரட்டும்.