62-ஆம் எண் படகில் ஹாம்பர்க் பார்ப்பது எப்படி?

ஹாம்பர்க்கில் ரயிலை விட்டு இறங்கியதும் கடல் எங்கே என்று தேடாதீர்கள். தூத்துக்குடியில் வளர்ந்த நான் அப்படித்தான் தேடினேன். கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஊருக்குள் ஓடுவது எல்பே ஆறு. அவ்வளவு பெரிய கப்பல்களும் அந்த ஆற்றில்தான் ஏறி வருகின்றன.

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், அதுவும் விடியற்காலையில். மீன் சந்தை கோடையில் 5 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கி 9.30-க்கு முடிந்துவிடும். 1703-இலிருந்து நடக்கும் சந்தை இது. மீன் கெட்டுப்போகுமே என்று ஞாயிற்றுக்கிழமையும் விற்க அனுமதித்தார்கள். ஆனால் தேவாலய ஆராதனைக்கு முன்பே கடையைக் கட்டிவிட வேண்டும். இப்போது மீனோடு பழமும் பூச்செடியும்கூடக் குவிந்து கிடக்கும். வண்டியின் மேல் நின்று தொண்டை கிழியக் கத்தி விற்பார்கள். எனக்கு ஜெர்மன் அரைகுறைதான், ஆனாலும் சிரித்துக்கொண்டே நின்றேன். அந்த உற்சாகத்தில் ஒரு கூடைப் பழத்தை வாங்கி நாள் முழுக்கச் சுமந்தது என் தலையெழுத்து. நீங்கள் ஒரு மீன் பன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் உள்ளே இருக்கும். முதல் கடி பயமாக இருந்தால் பொரித்த மீன் வைத்ததைக் கேளுங்கள்.

அப்புறம் ஆற்றோரமாகவே லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறைக்கு நடங்கள். அந்தத் துறை மிதக்கிறது. கடலின் ஏற்ற இறக்கம் இவ்வளவு தூரம் உள்ளே வந்தும் ஆற்று நீரை மூன்று மீட்டருக்கு மேல் ஏற்றி இறக்குகிறது. காலையில் செங்குத்தாக இறங்கிய சாய்வுப் பாலம் மதியம் கிட்டத்தட்டச் சமமாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

துறைமுகச் சுற்றுலாவுக்கு வா வா என்று கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு நகருங்கள். 3-ஆம் துறையில் 62-ஆம் எண் படகு நிற்கும். அது ஊரின் பேருந்து மாதிரி. நகர நாள் டிக்கெட்டோ மாணவர் பயண அட்டையோ போதும். வழியிலும் ஏறலாம், ஆனால் இங்கேதான் புறப்படுகிறது என்பதால் மேல்தளத்தில் இடம் பிடிக்கலாம். இடது பக்கம் உட்காருங்கள்: முதலில் கப்பல் பழுதுபார்க்கும் தளங்கள், பிறகு கன்டெய்னர் அடுக்குகள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் துறைமுகம் வேலிக்கு அப்பால் இருக்கும் ஒரு சமாச்சாரம். இங்கே காய்கறிப் பையோடு ஒரு பாட்டி அதன் நடுவே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நொய்மூலன் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்று மணல். கொஞ்ச தூரத்தில் 217 டன் பாறை ஒன்று கிடக்கிறது. ‘கிழட்டு ஸ்வீடன்காரன்’ என்று பெயர். பனியுகத்தில் பனிப்பாறைகள் ஸ்வீடனிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது, 1999-இல் ஆற்றைத் தூர்வாரியபோது அகப்பட்டது. தண்ணீருக்கு ரொம்பப் பக்கத்தில் உட்காராதீர்கள். கப்பல் போய் முடிந்த பிறகுதான் அலை வரும். என் காலணி இரண்டும் அப்படித்தான் நனைந்தன.

திரும்பி வந்ததும், துறைக்குப் பக்கத்திலேயே, ஆற்றுக்கு அடியில் போகும் பழைய எல்பே சுரங்கப்பாதை. 1911-இல் கப்பல் தளத் தொழிலாளர்களுக்காகத் திறந்தது. 24 மீட்டர் கீழே இறங்கி, 426 மீட்டர் நடக்க வேண்டும், இலவசம். சுவர் ஓடுகளில் மீனும் நண்டும் புடைத்து நிற்கும். சிவப்புச் செங்கல் கிடங்குகள் நிறைந்த ஷ்பைஹர்ஷ்டாட்டை விளக்கு போட்ட பிறகு பார்த்தால் போதும்.

யாரைப் பார்த்தாலும், எந்த நேரமானாலும், வணக்கத்துக்கு ‘மொயின்’ என்று ஒருமுறை சொல்லுங்கள். இரண்டு முறை சொன்னால் வாயாடி என்பார்களாம்.

சுரங்கத்தின் மறுகரையில் ஏறினால் முழு ஊரும் எதிரே தெரியும். ஈரக் காலணியைக் கழற்றிவைத்துவிட்டு, அங்கே உட்கார்ந்துதான் கூடையில் பாதியைக் காலி செய்தேன்.