வாடகைக் காருக்கு மேலதிகக் காப்புறுதி: எடுப்பதா, வேண்டாம் என்பதா?

போன வருஷம் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம். வெள்ளவத்தையில் ஓர் இடத்தில் ஐந்து நாளுக்கு ஒரு வேகன் ஆர் எடுத்தேன். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு அண்ணா, யோசிக்காதீங்க" என்றார் அங்கிருந்த தம்பி. நானும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். போக வர எண்ணூறு கிலோமீற்றர், ஏ9 வீதியில் இருட்டுக்குள் படுத்துக் கிடந்த மாடுகள் எல்லாம் தாண்டி ஒரு கீறல் இல்லாமல் கொழும்பு வந்து சேர்ந்தேன். காரைத் திருப்பிக் கொடுக்கும் அன்று காலை, எங்கள் ஒழுங்கையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பரின் இடது மூலை பக்கத்து வீட்டு மதிலில் உரசிவிட்டது. பெருவிரல் நீளம்தான் இருக்கும். டிப்பொசிட்டில் 18,000 ரூபா போய்விட்டது.

"ஃபுல் இன்சூரன்ஸ் என்றீங்களே தம்பி?"

"இருக்கு அண்ணா. ஆனா முதல் 50,000 உங்கட கணக்கு."

அந்த 'முதல் 50,000'க்குப் பெயர் எக்ஸெஸ். சேதம் எவ்வளவாக இருந்தாலும் அந்தத் தொகை வரைக்கும் நீங்கள் கட்டவேண்டும், அதற்கு மேல்தான் காப்புறுதி. தினமும் இவ்வளவு என்று தனியாக வாங்கி, "அந்த எக்ஸெஸை உங்களிடம் கேட்கமாட்டோம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அதுதான் சி.டி.டபிள்யூ (கொலிஷன் டமேஜ் வெய்வர்), நான் மேலதிகக் காப்பு என்று சொல்வது. உண்மையில் அது காப்புறுதியே இல்லை, கார் தருபவர் தரும் வாக்குறுதி. அதனால் அதன் பெறுமதி ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது வரைக்கும்தான்.

படி 1: காரைப் பார்க்க முன் இன்சூரன்ஸ் கார்டைப் பாருங்கள்

மேலதிகக் காப்பு வேண்டுமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, காருக்கு ஏற்கெனவே இருக்கும் காப்புறுதி உங்களுக்குச் செல்லுமா என்பது. கார்டைக் கேட்டு வாங்கி மூன்று விஷயம் பாருங்கள்: திகதி முடியவில்லையா, ஃபுல்லா அல்லது தேர்ட் பார்ட்டி மட்டுமா, எந்தப் பாவனைக்கு எடுத்தது.

மூன்றாவதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். கொழும்பில் வாடகைக்குக் கிடைக்கும் கார்களில் பல, யாரோ ஒருவருடைய வீட்டுக் கார். ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு, நண்பர் மூலமாகக் கை மாறி வரும். அதன் காப்புறுதி 'சொந்தப் பாவனை' என்று இருந்தால், வாடகைக்கு ஓடும்போது நடந்த விபத்துக்குப் பணம் தர மறுக்கக் கம்பனிக்குக் காரணம் கிடைத்துவிடும். அப்போது எக்ஸெஸ் பற்றிப் பேச ஒன்றுமில்லை, முழுச் சேதமும் உங்கள் தலையில். நாளுக்கு ஆயிரம் ரூபா குறைவு என்றாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றாலும் இதே பதில்தான்: அது அடிபட்ட மற்றவருக்கானது, நீங்கள் ஓட்டும் காருக்கு ஒரு சதமும் வராது.

இன்னொன்றையும் கேளுங்கள், அநேகமாக யாரும் கேட்பதில்லை. கார் எவ்வளவு பெறுமதிக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025இல். இடையில் பழைய கார்களின் விலை எங்கேயோ ஏறிவிட்டது. உரிமையாளர் பழைய பெறுமதியிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தால், கம்பனி அந்த விகிதத்தில்தான் தரலாம். சந்தை விலை 80 லட்சம், காப்புறுதி 60 லட்சத்துக்கு, சேதம் 4 லட்சம் என்று வையுங்கள். கிடைக்கக்கூடியது 3 லட்சம். மீதி ஒரு லட்சம் யார் தருவது என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

படி 2: மூன்று தொகையை எழுத்தில் வாங்குங்கள்

எக்ஸெஸ் எவ்வளவு? மேலதிகக் காப்பு எடுத்தால் அது எவ்வளவாகக் குறையும், நாளுக்கு என்ன விலை? கார் கராஜில் நிற்கும் நாட்களுக்கு வாடகை கேட்பீர்களா? வாயால் சொன்னால் போதாது. "தம்பி, இதை வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாப் போட்டுவிடுங்கோ" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். போடத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்.

சின்னக் கீறலுக்கெல்லாம் காப்புறுதிக்காரரை அழைக்காமல் உங்கள் டிப்பொசிட்டிலேயே கழிப்பது ஏன் தெரியுமா? கிளெய்ம் போட்டால் உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைக்கும் கழிவு) போய்விடும். அவருக்கு உங்கள் 18,000 தான் லேசு. அதனால் எக்ஸெஸ் தொகையைப் பெரிய விபத்துக்கான கதை என்று நினைக்காதீர்கள். அது பம்பர், சைட் மிரர், கதவுக் கீறல் எல்லாவற்றுக்குமான கதை.

படி 3: கணக்கு

ஒரு உதாரணம். ஐந்து நாள், மேலதிகக் காப்பு நாளுக்கு 2,500, எக்ஸெஸ் 75,000. காப்பு எடுத்தால் 12,500 நிச்சயமாகப் போகும். 75,000ஐ 12,500ஆல் பிரித்தால் 6. அதாவது, இப்படி ஆறு பயணம் போனால் அதில் ஒன்றிலாவது எக்ஸெஸ் முழுவதையும் கட்டுமளவு இடிபடுவீர்கள் என்றால்தான் காப்பு சமனாகும். அதைவிடக் குறைவாக இடிபடுபவர் மறுத்தால் காசு மிச்சம்.

கொழும்பு வீதியில் பழகிய கை, பகல் ஓட்டம், வீட்டில் உள்ளே விட இடம் உண்டு என்றால் நான் மறுத்துவிடுவேன். லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம், இரவு ஓட்டம், வெள்ளவத்தை ஒழுங்கையில் இரண்டு பக்கமும் கார் நிற்கும் இடத்தில் பார்க்கிங் என்றால் எடுங்கள், கூச்சமே வேண்டாம்.

ஆனால் கணக்கை விடப் பெரியது ஒன்று: நாளைக்குக் காலையில் 75,000ஐக் கடன் வாங்காமல் கட்ட முடியுமா? முடியாவிட்டால் கணக்கை விட்டுவிட்டு காப்பை எடுங்கள்.

படி 4: கனடாவிலிருந்து வந்த மச்சான் "என்ர கார்டில கவர் இருக்கு" என்றால்

இருக்கலாம். வெளிநாட்டு கிரெடிட் கார்டுகள் சிலவற்றில் வாடகைக் காரின் சேதத்துக்குக் காப்பு வரும். ஆனால் வழக்கமான நிபந்தனைகள்: முழு வாடகையும் அந்தக் கார்டிலேயே கட்டியிருக்கவேண்டும், கார் தருபவரின் சி.டி.டபிள்யூவை மறுத்திருக்கவேண்டும், கார்டுக்காரரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். நாட்களுக்கும் எல்லை உண்டு. கனடியக் கார்டுகளில் 48 நாள் என்று பார்க்கலாம். சில கார்டுகள் சில நாடுகளை விலக்கியிருக்கும், ஆகவே மச்சான் வங்கிக்கு அழைத்து "சிறிலங்கா" என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

இங்கே சிக்கல் வேறு. நம்முடைய சின்ன வாடகைக் கடைகளில் காசுதான் கேட்பார்கள். காசு கொடுத்தால் கார்டுக் காப்பு இல்லை. அத்தோடு, மற்றவருடைய வாகனத்துக்கும் ஆளுக்கும் ஏற்படும் சேதத்தை இந்தக் காப்பு பொதுவாகத் தொடாது. வெளிநாட்டு லைசன்ஸை இங்கே ஓட்டச் செல்லுபடியாக்கும் அனுமதி எடுக்காமல் ஓட்டினால் எந்தக் காப்புறுதியும் கைவிடும். முதல் நாளே அந்த அனுமதியை எடுத்து முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 5: காசு கட்டினாலும் சேராதவை

டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி: பல ஒப்பந்தங்களில் இவை வெளியே. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும், குடித்துவிட்டு ஓட்டினாலும் அதே கதி. பெரிய மழைக்கு ஆமர் வீதிப் பக்கம் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது கார் நின்றுவிட்டால், திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்தால் அது வெள்ளச் சேதமா, உங்கள் கவனக்குறைவா என்ற வழக்கு தொடங்கிவிடும்.

படி 6: மறுத்தால், வீடியோ எடுங்கள்

சாவி வாங்கியதும் காரை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். குனிந்து பம்பரின் கீழ் ஓரம், நான்கு ரிம், கூரை. டாஷ்போர்டில் கிலோமீற்றரும் எண்ணெயும். காரைக் கழுவிய ஈரத்தோடு தந்தால் ஒரு துணியால் துடைத்துவிட்டு எடுங்கள், ஈரத்தில் கீறல் தெரியாது. வீடியோவை அப்போதே கார் தருபவருக்கு அனுப்பிவிடுங்கள். காப்பு வேண்டாம் என்றால் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

வழியில் இடிபட்டால் காரை நகர்த்த முன் படம் எடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் கார்டில் இருக்கும் கம்பனியின் தொலைபேசி இலக்கத்துக்கும் கார் தந்தவருக்கும் அழையுங்கள். ஆட்களுக்குக் காயம் என்றால் முதலில் 1990 (அம்புலன்ஸ்), பிறகு 119 (பொலிஸ்). "இங்கேயே முடிச்சுக்குவோம்" என்று வீதியோரத்தில் காசு பேசாதீர்கள், பிறகு கிளெய்ம் கேட்க வழி இருக்காது.

திருப்பிக் கொடுக்கும்போதும் இதே சுற்று, அவர் பக்கத்தில் நிற்க. ஒப்பந்தத்தில் 'சேதமில்லை' என்று எழுதுவித்து, டிப்பொசிட்டை அங்கேயே கையில் வாங்குங்கள். ஞாயிறு இரவு சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தால், திங்கள் காலையில் அவர்கள் கண்டுபிடிக்கும் கீறலுக்கு உங்களிடம் பதில் இருக்காது.