அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல் கோடிங்கில் செய்யக்கூடாத தவறுகள்

முன்வண்டிக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிதான் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல். காரின் கணினிகளில் எழுதியுள்ள அமைப்புகளை லேப்டாப்பால் மாற்றி அதை இயக்குவதுதான் கோடிங். காரில் ஏற்கெனவே இருக்கும் பாகத்துக்குக் கோடிங் அனுமதி தரும், அவ்வளவுதான். இல்லாத பாகத்தை அது கொண்டுவராது. முன்பக்கத்தில் ரேடார் இல்லாத காரில் எத்தனை பைட் மாற்றினாலும் பெரும்பாலும் சாதாரண குரூஸ் கன்ட்ரோல்தான் கிடைக்கும். ரேடார் இருந்தாலே போதும் என்பதும் தவறு. அது அவசர பிரேக்குக்காக மட்டும் வைக்கப்பட்டதாக இருக்கலாம். ஆகவே லேப்டாப்பை இணைத்ததும் ரேடாரின் பார்ட் நம்பரையும் மென்பொருள் பதிப்பையும் படித்து, அதே பதிப்பில் இந்த வசதி தொழிற்சாலையிலிருந்தே வந்த கார் உண்டா என்று பாருங்கள். முன்வண்டி நின்றால் தானும் நின்று, மறுபடி கிளம்பும் வசதியை மேனுவல் கியர் காரில் தேடுவது வீண்.

அதிகம் நடக்கும் தவறு பாதிக் கோடிங். காரின் ஒவ்வொரு கணினிப் பெட்டிக்கும், அதாவது மாட்யூலுக்கும், ஓர் எண் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் 13 ரேடார், 03 பிரேக், 01 இன்ஜின், 16 ஸ்டீயரிங், 17 கிளஸ்டர் (ஓட்டுநர் முன்னுள்ள மீட்டர் திரை), 19 கேட்வே (மாட்யூல்களை இணைக்கும் மையம்). 17-ஐ மட்டும் மாற்றினால் திரையில் படம் வந்துவிடும், வேலை முடிந்தது போலவும் தோன்றும். ஆனால் ரேடார் வேகத்தைக் குறைக்கக் கேட்கும்போது அதை நிறைவேற்ற வேண்டியது பிரேக் மாட்யூல். அதற்குத் தகவல் தெரியாவிட்டால் ஃபால்ட் கோடு (கோளாறு எண்) பதிவாகி, மொத்த அமைப்பும் அணைந்துவிடும்.

இன்னொருவர் காரின் லாங் கோடிங்கை (ஒரு மாட்யூலின் அமைப்புகள் எல்லாம் அடங்கிய நீளமான எண் வரிசையை) முழுசாக நகலெடுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். அதே வரிசையில் கியர்பாக்ஸ், பிரேக் அளவு, நாடு எல்லாமே எழுதப்பட்டிருக்கும். தேவையான பிட்டை மட்டும் மாற்றுங்கள். ஒரு மாற்றம், ஒரு ஸ்கேன், பிறகு அடுத்தது. பழைய மதிப்புகளைச் சேமிக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு: ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கான விசிடிஎஸ் மென்பொருளின் ஆட்டோ ஸ்கேனில் கோடிங் பதிவாகும், அடாப்டேஷன் மதிப்புகள் (கோடிங்குக்கு வெளியே தனித்தனியாக வைக்கப்படும் அமைப்புகள்) பதிவாகாது. அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். ஃபால்ட் கோடுகளை அழிப்பதும் இதற்குப் பிறகுதான். முன்பே இருந்த கோளாறு எது, நீங்கள் உண்டாக்கியது எது என்று பிரித்துக் காட்ட அந்தப் பழைய பட்டியல் ஒன்றே சாட்சி.

இக்னிஷன் ஆனில், இன்ஜின் ஓடாமல் அரை மணி நேரம் வேலை செய்தால் பேட்டரி இறங்கும். 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாகத் தரும் பவர் சப்ளையை மாட்டுங்கள். வெறும் கோடிங்கில் மின்சாரம் தடுமாறினால் பெரும்பாலும் திரும்ப எழுதிச் சரிசெய்யலாம். ஃபர்ம்வேர் (மாட்யூலின் உள் மென்பொருள்) ஏற்றும் நடுவில் தடுமாறினால் மாட்யூலே செத்துப்போகக்கூடும். காரையும் லேப்டாப்பையும் இணைக்கும் மலிவான ஈஎல்எம்327 நகல் அடாப்டரும், இணைப்பு நடுவில் அறுந்தால், இதே ஆபத்தைத்தான் கொண்டுவருகிறது. பல ஃபோர்டு கார்களில் ஃபோர்ஸ்கேன் என்ற கோடிங் மென்பொருளைப் பயன்படுத்த, காரின் சோதனைச் சாக்கெட்டில் 3, 11 பின்களில் ஓடும் இரண்டாவது கேன் வரிசையையும் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கம்பி இணைப்பையும்) படிக்கும் அடாப்டர் வேண்டும்.

மாட்யூல் கேட்கும் பாதுகாப்பு எண்ணை ஊகித்து அடிக்காதீர்கள். சில முறை தவறினால் அது சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். எட்டாம் தலைமுறை கோல்ஃப் முதலான கார்களில் எஸ்எஃப்டி என்ற, கோடிங்கைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது. அதை ஆன்லைன் அனுமதி பெற்றே திறக்க முடியும்.

கேலிப்ரேஷனை, அதாவது ரேடாரின் பார்வைத் திசையைச் சரியாக நேராக்குவதைத் தள்ளிப்போடுவதுதான் உயிருக்கு உலை வைக்கும் தவறு. ரேடாரைக் கழற்றினாலோ புதிதாகப் பொருத்தினாலோ அது கட்டாயம். 1 டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் பார்வை சுமார் 1.75 மீட்டர் தள்ளிப்போகும். லேனின் பாதி அகலம் அது. பக்கத்து லேன் லாரிக்கு உங்கள் கார் பிரேக் போடும், நேர் முன்னால் மெதுவாகப் போகும் பைக்கை விட்டுவிடும். சக்கர அலைன்மென்ட்டை முதலில் முடியுங்கள், ஏனென்றால் ரேடாரைக் கார் ஓடும் திசைக்கு ஏற்ப நேராக்க வேண்டும், பாடிக்கு ஏற்ப அல்ல. ரேடாருக்கு முன்னால் பம்பரில் தடிமனான பட்டியும் பெயின்டும் இருந்தால் அலை சரியாக வெளியே போகாது.

முதல் ஓட்டம் காலியான சாலையில், கால் பிரேக் மேல். பிரேக் பெடலைத் தொட்டதும் குரூஸ் விடுகிறதா என்று பாருங்கள். வேகமாகப் போகும்போது நின்றிருக்கும் வண்டியைப் பல ரேடார்கள் பொருட்படுத்தாது, எனவே நின்ற காரை நோக்கி ஓட்டிச் சோதிக்க வேண்டாம். 20 கி.மீ. ஓட்டியபின் எல்லா மாட்யூல்களையும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சர்வீஸில் மென்பொருள் அப்டேட் போட்டால் உங்கள் கோடிங் அழிந்துபோகலாம். சேமித்த கோப்பு அன்றைக்கும் கையில் இருக்கட்டும்.