ஊரார் சேர்ந்து நடத்தும் மளிகைக் கடை: எங்கே சறுக்குகிறது?

கடை வாசலில் 'அனைவரும் வருக' என்று எழுதிவைப்பது எளிது. ஊரார் பங்கு போட்டு நடத்தும் கூட்டுறவு மளிகைக் கடைகளுக்கு அதுவே அடிப்படைக் கொள்கையும்கூட. 1995-இல் மான்செஸ்டரில் கூடிய பன்னாட்டுக் கூட்டுறவுக் கூட்டணி ஏழு கோட்பாடுகளை ஏற்றது. பாலினம், சமூக நிலை, இனம், அரசியல், மதம் எதையும் பார்க்காமல் எவரையும் உறுப்பினராக்க வேண்டும் என்பது அவற்றில் முதலாவது. சுற்றியிருக்கும் சமூகத்தின் நலனில் அக்கறை வேண்டும் என்பது ஏழாவது. அமெரிக்காவில் இப்படிப் பல கடைகள் நல்ல எண்ணத்தோடு தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் 'வராதே' என்று யாரிடமும் சொல்லாமலேயே பக்கத்துத் தெருக்காரரை வெளியே நிறுத்திவிடும் ஆபத்து அவற்றுக்கு உண்டு. பங்குத்தொகை, அலமாரி, வேலை முறை, கணக்குப் புத்தகம் போன்ற சாதாரண இடங்களில்தான் அது நடக்கிறது.

பங்குத்தொகையை மொத்தமாகக் கேட்பது

நவீனக் கூட்டுறவுக்கு வழிகாட்டியான ராச்டேல் கடையை 1844-இல் இங்கிலாந்தில் தொடங்கியவர்கள் 28 பேர். ஒரு பங்கு ஒரு பவுன். நெசவாளர்களும் கைவினைஞர்களுமான அவர்களிடம் அவ்வளவு பணம் ஒரே நாளில் ஏது? வாரம் இரண்டு மூன்று பென்ஸ் என்று சேர்த்துக் கட்டினார்கள். அந்தப் பாடத்தை மறந்து, சேரும்போதே முழுத்தொகையையும் கேட்கும் கடையில் யார் உறுப்பினர் ஆவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பின மக்களின் முன்முயற்சியில் 2024 மே மாதம் அமெரிக்காவில் திறக்கப்பட்ட டெட்ராய்ட் மக்கள் கூட்டுறவுக் கடையில் பங்கு 200 டாலர், தவணையிலும் கட்டலாம். உறுப்பினராகாதவரும் அங்கே சாமான் வாங்கலாம்.

அமெரிக்க அரசின் உணவு உதவி அட்டையில் உள்ள பணத்தை உணவுக்கு மட்டுமே செலவிட முடியும், பங்கு வாங்க முடியாது. ஆகவே அந்த அட்டையோடு வருபவருக்குத் தவணையோ சலுகையோ இல்லையென்றால் அவர் என்றைக்கும் வாடிக்கையாளர்தான், பங்குதாரர் அல்ல. அட்டையை ஏற்பதற்கான அனுமதியைக் கடை திறந்த பிறகு சாவகாசமாக வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் தவறு. முதல் வாரம் கல்லாவில் திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வரமாட்டார்.

பிறர் என்ன சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்வது

இதுதான் எல்லாவற்றிலும் ஆழமான தவறு என்று நினைக்கிறேன். 1970-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களில் கூட்டுறவு மளிகைக் கடைகள் மளமளவென்று முளைத்தன. முழுத்தானியம், பயறு, இயற்கை விளைபொருள் என்று அலமாரிகள் நிறைந்தன. உழைக்கும் மக்கள் வாங்குகிற டப்பா உணவும் வெள்ளைச் சர்க்கரையும் ஏன் இல்லை என்று ஒரு பிரிவினர் கேட்டார்கள். வாக்குவாதம் முற்றி, 1975 மே மாதம் அந்தப் பிரிவினர் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பொதுக் கிடங்கையே பலவந்தமாகக் கைப்பற்றினார்கள். 'கூட்டுறவுப் போர்' என்றே அதை இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உறுத்துவது, இரு தரப்புமே பக்கத்து வீட்டுக்காரருக்காகத் தாங்களே பேசியதுதான்.

வழி எளியது: தெருவில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொள்முதல் செய்வது. கறுப்பினக் குடும்பங்கள் வாழும் பகுதியில் காலர்ட் கீரையும் சோள மாவும் புகையூட்டிய வான்கோழிக் கறியும் வேண்டும். மெக்சிகோக்காரர் இருந்தால் டார்ட்டியா ரொட்டிக்கான மாசா என்னும் மக்காச்சோள மாவு வேண்டும். அயலூரில் இட்லி அரிசியும் உளுத்தம்பருப்பும் ஒரு கடையில் கண்ணில் பட்டதும் நம் மனம் எப்படிக் குளிர்கிறது! அதையெல்லாம் 'வெளிநாட்டு உணவு' என்று கடைக்கோடியில் தனி வரிசையில் ஒதுக்கிவைப்பதும் சரியல்ல. அன்றாடம் உலையில் போடும் அரிசி யாருக்கு வெளிநாட்டு உணவு? அரிசியோடு அரிசி, மாவோடு மாவு என்று ஒரே அலமாரியில் இருக்கட்டும்.

'உள்ளூர்' என்பதற்கு வரையறை வைக்காதது

2008-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் சட்டத்தின்படி, 400 மைலுக்குள்ளோ அதே மாநிலத்துக்குள்ளோ விளைந்தது உள்ளூர்ப் பொருள். 400 மைல் என்பது சுமார் 640 கிலோமீட்டர். சென்னையில் நின்று பார்த்தால் திருநெல்வேலியும் உள்ளூர்தான். கடை தனக்கென்று ஓர் எல்லையை எழுதி ஒட்டிவிட வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் சிறு விவசாயிக்குப் பணத்தை உடனே கொடுக்கவும் வேண்டும். இரண்டு மாதம் இழுத்தடித்தால் அவர் மொத்த வியாபாரியிடமே போய்விடுவார்.

வேறொரு கடையின் வேலை முறையை அப்படியே எடுப்பது

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1973-இல் தொடங்கிய பார்க் ஸ்லோப் கடையில் உறுப்பினர்கள் முறைவைத்து வேலை செய்தாக வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2 மணி 45 நிமிடம் என்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. அங்கே அது வென்றது. இரண்டு இடத்தில் கூலி வேலை பார்ப்பவர் நிறைந்த பகுதியில் அதே விதியைக் கட்டாயமாக்கினால் நேரம் உள்ளவர்களுக்கான கடையாகிவிடும். உழைப்பு தருவதை விருப்பமாக வைத்து, செய்பவருக்குத் தள்ளுபடி கொடுக்கலாம்.

பாசம் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடகிழக்குப் பகுதியில் இருந்த வின்-டிக்ஸி சூப்பர் மார்க்கெட் 1998-இல் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் எதுவும் அந்த இடத்துக்கு வர முன்வரவில்லை. மக்களே தலைக்கு 100 டாலர் பங்கு என்று சேர்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உறுப்பினராகி, 2016 அக்டோபரில் ரெனசான்ஸ் கூட்டுறவுக் கடை திறந்தது. 2019 ஜனவரியில் மூடப்பட்டது. தாக்குப்பிடிக்கத் தேவையான விற்பனையை அது எட்டவே இல்லை.

அந்த மக்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு அது. ஆனால் பங்கு வாங்குவது ஒரு நாள் வேலை, கூடையை நிரப்புவது வாராவாரம் நடக்க வேண்டியது. மளிகையில் 100 டாலருக்கு விற்றால் கடைசியில் மிஞ்சுவது ஒன்றிலிருந்து மூன்று டாலர்தான். முட்டை, பால், ரொட்டி, கோழி ஆகியவற்றின் விலை எல்லாருக்கும் மனப்பாடம்; அவற்றில் பெரிய கடையைவிட அதிகம் வைத்தால், சொந்தக் கடையாக இருந்தாலும் மாதக் கடைசியில் கால் அங்கே திரும்பாது. ஆகவே அந்தச் சில பொருள்களில் லாபமே வைக்காமல் விற்கலாம். முதல் சில ஆண்டு நஷ்டத்தைத் தாங்கும் முதலையும் திறப்பதற்கு முன்பே திரட்டிவிட வேண்டும். டெட்ராய்ட்காரர்கள் திட்டமிடத் தொடங்கிக் கதவைத் திறக்கப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள்.

நெருக்கடியை உறுப்பினரிடம் மறைக்கவும் கூடாது. விற்பனை எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை எளிய கணக்காக எழுதிக் கல்லா அருகே ஒட்டலாம். பேரவைக் கூட்டம் வேலை நாள் மாலையில், ஆங்கிலத்தில் மட்டும் நடந்தால் மாலை ஷிஃப்ட்காரரும் கைக்குழந்தைக்காரரும் ஓட்டுப் போடவே வரமாட்டார்கள். ஞாயிறு மதியம் ஒரு கூட்டம், மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர்: இந்த மூன்றுக்கும் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கிவிட வேண்டும்.