ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேர்டையும் திட்டப் பதிவேட்டையும் இணைப்பது எப்படி?

ஒரு வீட்டு வேலை அலுவலகத்துக்குள் வந்தால், அந்தக் கிளையன்ட்டின் பெயரும் சைட்டின் சர்வே எண்ணும் வேலை முடிவதற்குள் எத்தனை தாளில் ஏறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நியமனக் கடிதம், ஃபீஸ் கேட்கும் கடிதம், டிராயிங் அனுப்பும் கடிதம், சைட் மீட்டிங் குறிப்பு, கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ அல்லது டிடிசிபி விண்ணப்பத்தோடு வைக்கும் முகப்புக் கடிதம். பழைய கடிதத்தைத் திறந்து, பெயரை அழித்து, புதிதாகத் தட்டும் பழக்கம் இருக்கும்வரை ஏதோ ஒரு தாளில் முந்தைய கிளையன்ட்டின் பெயர் நின்றுவிடும்.

இதற்கு ஒரே வழிதான் உண்டு. விவரம் அலுவலகப் பதிவேட்டில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வேர்டு அதை எடுத்துக் காட்ட மட்டும் செய்ய வேண்டும். கடிதத்தில் யாரும் பெயரையோ தொகையையோ கையால் தட்டக் கூடாது. விண்டோஸில் வேர்டு, எக்செல், கணக்குக்கு டேலி அல்லது ஸோஹோ புக்ஸ் வைத்திருக்கும் சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு ஏற்ற முறை இது.

பதிவேடு

பதிவேடு என்பது ஒரு எக்செல் ஷீட். ஒரு வேலைக்கு ஒரு வரி. முதல் பத்தியில் (மேலிருந்து கீழாக ஓடும் கட்ட வரிசை) வேலை எண்: 2024-ன் ஏழாவது வேலை என்றால் 2407. இந்த எண் ஒருமுறை கொடுத்தால் மாறவே கூடாது. ஃபோல்டர், கடிதம், டிராயிங், டேலி லெட்ஜர் எல்லாமே இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்து கிளையன்ட் பெயர், தமிழில் பெயர், கிளையன்ட் முகவரி, சைட் முகவரி, கிராமம், சர்வே எண், சைட் இருக்கும் மாநிலக் குறியீடு, ஒப்பந்த ஃபீஸ், நடப்பு ஸ்டேஜ், அந்த ஸ்டேஜுக்கான தொகை, கடிதத் தேதி. கிளையன்ட் முகவரியையும் சைட் முகவரியையும் ஒரே பத்தியில் போடாதீர்கள். ஸ்டேஜை 1 முதல் 7 வரை எண்ணாக மட்டும் வையுங்கள். கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நிபந்தனைகளில் உள்ள ஏழு ஸ்டேஜ் பெயர்களையும் தனி ஷீட்டில் எழுதி, லுக்கப் (எண்ணைத் தேடிப் பெயரை எடுக்கும் ஃபார்முலா) மூலம் பக்கத்துப் பத்திக்குக் கொண்டுவரலாம்.

அலுவலக மென்பொருளில் இருந்து ஏற்றுமதியாகும் ஃபைலை அப்படியே வேர்டோடு இணைத்தால் பெரும்பாலும் வேலை செய்யாது. மேலே அலுவலகப் பெயர், அறிக்கைத் தலைப்பு, தேதி என்று மூன்று நான்கு வரிகள் இருக்கும். வேர்டோ முதல் வரியைத்தான் பத்தித் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். எக்செலில் டேட்டா, கெட் டேட்டா வழியாக அந்த ஃபைலை பவர் குவெரியில் (எக்செலுக்குள் தரவைச் சுத்தம் செய்யும் கருவி) திறந்து, ரிமூவ் டாப் ரோஸ், யூஸ் ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் ஹெடர்ஸ் இரண்டையும் கொடுத்து ஒரு சுத்தமான ஷீட்டில் இறக்குங்கள். அடுத்த முறை புதிய ஏற்றுமதியை அதே பெயரில் அதே ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் அழுத்தினால் போதும்.

ஏற்றுமதி சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலாக வந்தால் அதை ஒருபோதும் இரட்டை க்ளிக் செய்து திறக்காதீர்கள். இரண்டு கெடுதல் ஒரே நேரத்தில் நடக்கும். தமிழ்ப் பெயர்கள் கந்தல் எழுத்தாகலாம். 12/3 என்ற சர்வே எண்ணை எக்செல் மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும். பிறகு அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் 12/3 திரும்பி வராது. 2024-ல் மாறியிருந்தால் 45363 என்ற எண்தான் வரும். அதனால் பவர் குவெரியில் திறக்கும்போதே ஃபைல் ஆரிஜின் 65001 யூனிகோட் என்று தேர்ந்தெடுத்து, சர்வே எண் பத்தியின் வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். கையால் நிரப்பும் பதிவேடு என்றால், தட்டுவதற்கு முன்பே முழுப் பத்தியையும் டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும்.

டெம்ப்ளேட்டை இணைத்தல்

பட்டியலில் உள்ள விவரத்தைக் கடிதத்தில் நிரப்பும் வேர்டு வசதிதான் மெயில் மெர்ஜ். லெட்டர்ஹெட் உள்ள வேர்டு ஃபைலில் மெயிலிங்ஸ், ஸ்டார்ட் மெயில் மெர்ஜ், லெட்டர்ஸ். பிறகு செலக்ட் ரெசிபியன்ட்ஸ், யூஸ் அன் எக்ஸிஸ்டிங் லிஸ்ட். எக்செல் ஃபைலைக் காட்டி, சுத்தமான ஷீட்டைத் தேர்ந்தெடுங்கள். பெயர் வர வேண்டிய இடத்தில் இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு. ப்ரிவ்யூ ரிசல்ட்ஸ் அழுத்திப் பார்த்து, தேவையான வேலைக்குப் போய், ஃபினிஷ் அண்ட் மெர்ஜில் எடிட் இன்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ், கரன்ட் ரெக்கார்டு. ஆல் என்று விட்டால் எல்லாக் கிளையன்ட்டுக்குமான கடிதமும் ஒரே ஃபைலில் குவியும்.

இணைக்கும் முன் எக்செல் ஃபைலை சேவ் செய்தாக வேண்டும். சேவ் ஆகாத வரி வேர்டுக்குத் தெரியாது. பத்தித் தலைப்பைப் பிறகு மாற்றினால் பழைய டெம்ப்ளேட்டுகள் எல்லாம் அந்த ஃபீல்டைக் காணோம் என்று நிற்கும். தலைப்பு சிறியதாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது தொகையிலும் தேதியிலும்தான். எக்செலில் நீங்கள் பார்க்கும் வடிவம் வேர்டுக்கு வராது, அடியில் உள்ள மதிப்பு மட்டுமே வரும். 4,75,000 என்பது 475000 ஆக வந்து நிற்கும். வகுத்து வந்த தொகைக்குப் பின்னால் நீளமான தசமங்கள் தொங்கும். தேதி அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். தொகைக்குச் சிறந்த தீர்வு, எக்செலிலேயே இன்னொரு பத்தி வைத்து டெக்ஸ்ட் ஃபங்ஷனால் எழுத்தாக மாற்றுவது. முதலில் ரவுண்டு செய்துகொள்ளுங்கள். மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டிய வடிவம் இது:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடி, லட்சம், ஆயிரம் மூன்றுக்கும் கமா நம் முறையில் விழும். தேதிக்கும் அதே ஃபங்ஷன்தான்: நாளுக்கு இரண்டு டி, மாதத்துக்கு இரண்டு எம், ஆண்டுக்கு நான்கு ஒய். இதையே வேர்டு ஃபீல்டு கோடில் எழுதுபவர்கள் மாதத்துக்குப் பெரிய எம் போட வேண்டும். வேர்டில் சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும்.

கதவு எண் பத்தியில் சில இடம் காலியாகவோ 0 என்றோ வந்தால், அந்தப் பத்தியில் எண்ணும் எழுத்தும் கலந்திருக்கிறது என்று பொருள். இணைப்பு முதல் சில வரிகளைப் பார்த்து வகையை ஊகிக்கிறது. மேலே 12, 45 என்றே இருந்தால் கீழே உள்ள 14/2ஏ தொலைந்துவிடும். எல்லா மதிப்பையும் டெக்ஸ்டாக மாற்றுங்கள்.

தமிழ்ப் பெயர் மட்டும் வேறு அளவில் வந்தால் ஃபான்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். வேர்டு தமிழைக் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று தனியாக நடத்துகிறது. நார்மல் ஸ்டைலின் ஃபான்ட் அமைப்பில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் பெட்டியிலும் நிர்மலா யுஐ அல்லது லதாவும் அதே அளவும் கொடுங்கள். ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்த பிறகே அந்தப் பெட்டி கண்ணில் படும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் எதையும் தொடங்காதீர்கள்.

ஃபீஸ் கடிதம்

வரி பில்லை வேர்டில் செய்யக் கூடாது. ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் தொடர்ச்சியாக, நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் எண் கொடுத்தால் இரட்டிப்பு நிச்சயம். பில் டேலியிலோ ஸோஹோ புக்ஸிலோ பிறக்கட்டும். வேர்டு அந்த எண்ணை எடுத்துப்போட்டு முகப்புக் கடிதம் மட்டும் எழுதட்டும். ஸ்டேஜ் தொகை 4,75,000 என்றால் 18 சதவீத வரி 85,500, மொத்தம் 5,60,500. இந்தக் கணக்கும் வேர்டுக்குள் நடக்கக் கூடாது.

சைட் மாநிலக் குறியீட்டைத் தனிப் பத்தியாகக் கேட்டதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையேயான ஜிஎஸ்டி) சட்டம் 2017, பிரிவு 12(3)-ன்படி ஆர்க்கிடெக்ட் சேவைக்கு வழங்கல் இடம் (எந்த வரி என்று தீர்மானிக்கும் இடம்) என்பது கட்டடம் இருக்கும் இடம். அலுவலகமும் கிளையன்ட்டும் கோயம்புத்தூர், சைட் பாலக்காடு என்றால் மத்திய, மாநில வரியாக 9 + 9 கிடையாது, ஐஜிஎஸ்டி 18 சதவீதம். கிளையன்ட் முகவரியைப் பார்த்து வரி போடும் டெம்ப்ளேட் இதில் தவறிவிடும். குறியீடு 33 (தமிழ்நாடு) என்றால் ஒரு வாசகம், 32 (கேரளம்) அல்லது 34 (புதுச்சேரி) என்றால் வேறு வாசகம் என்று எக்செலிலேயே ஃபார்முலா எழுதி, முடிந்த வாசகத்தை வேர்டுக்கு அனுப்புங்கள்.

டிராயிங் பட்டியல்

மெயில் மெர்ஜ் கடிதத்துக்கு ஒரு வரிதான் எடுக்கும். பன்னிரண்டு டிராயிங் போகும் கடிதத்துக்கு அது போதாது. டிராயிங் பதிவேட்டை வேலை எண்ணால் ஃபில்டர் செய்து, அந்த வரிகளை வேர்டில் ஒட்டுங்கள், ஆனால் லிங்க் இல்லாமல். லிங்க் வைத்தால் மூன்று மாதம் கழித்துக் கடிதத்தைத் திறக்கும்போது, அன்று ரிவிஷன் 1 அனுப்பிய இடத்தில் ரிவிஷன் 3 என்று மாறியிருக்கலாம். சைட்டில் தகராறு வரும் நாளில் எது எப்போது போனது என்று காட்ட அந்தக் கடிதம் ஒன்றே சாட்சி. தானாகப் புதுப்பிக்கும் தேதியைக் கடிதத்தில் வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அனுப்பும் முன்

மெர்ஜ் ஆன கடிதத்தில் கன்ட்ரோல் ஏ, பிறகு கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9. மீதி ஃபீல்டுகள் வெறும் எழுத்தாகிவிடும். ஹெடர், ஃபுட்டர் இந்தத் தேர்வில் சேராது. அங்கே உள்ளே போய் மறுபடி செய்ய வேண்டும். பிறகு பிடிஎஃப், ஃபைல் பெயர் 2407-031 போல வேலை எண்ணும் கடித எண்ணும். உடனே பதிவேட்டின் கடித ஷீட்டில் எண், தேதி, பொருள், அனுப்பியவர் என்று ஒரு வரி. இந்தத் திரும்பும் வழியைத்தான் எல்லா அலுவலகமும் விட்டுவிடுகிறது. அது இல்லாவிட்டால் 031 இரண்டு பேரிடமிருந்து போகும்.

முழுக்க ஸோஹோவில் இருப்பவர்கள் ஸோஹோ ரைட்டரின் மெர்ஜ் டெம்ப்ளேட்டையே பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் பவர் ஆட்டோமேட் வழியாக வேர்டு டெம்ப்ளேட்டை நிரப்பலாம். அதற்கு ப்ரீமியம் உரிமம் வேண்டும், மெர்ஜ் ஃபீல்டுக்குப் பதில் ப்ளெய்ன் டெக்ஸ்ட் கன்டென்ட் கன்ட்ரோல் (நிரப்புவதற்கான பெட்டி) வைத்து ஒவ்வொன்றுக்கும் டைட்டில் கொடுக்க வேண்டும்.

டெம்ப்ளேட் தன் எக்செல் ஃபைலின் முழு வழியையும் நினைவில் வைத்திருக்கும். அதனால் எல்லாக் கணினியிலும் சர்வர் ஃபோல்டர் ஒரே டிரைவ் எழுத்தில் இருக்க வேண்டும். திறக்கும்போது எஸ்கியூஎல் கட்டளை இயங்கும் என்று ஒரு கேள்வி வரும், யெஸ் கொடுங்கள். நோ கொடுத்தால் இணைப்பு இல்லாமல் திறக்கும். யாராவது அப்படியே சேவ் செய்துவிட்டால் அடுத்தவர் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், அதனால் டெம்ப்ளேட்டை ரீட்-ஒன்லியாகவே வையுங்கள்.